இங்கிலீஷ் பேசுற புரோக்கரை நம்பி டுசல்டார்ஃப்ல வீடு வாங்கலாமா?

ஜெர்மனில டுசல்டார்ஃப்ல ஐடி வேலை பாக்குற கோயம்புத்தூர் தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "அக்கா, 72 சதுர மீட்டர், மூணு ரூம், 1968ல கட்டின பில்டிங், 3,85,000 யூரோ சொல்றாங்க. உள்ள வாடகைக்கு ஒருத்தர் இருக்கார், சீக்கிரம் காலி பண்ணிடுவார்னு புரோக்கர் சொல்றார். 2,000 யூரோ கட்டி ரிசர்வ் பண்ணச் சொல்றாங்க. என் ஜெர்மன் ஏ2, அதாவது ஆரம்ப லெவல்தான். அஞ்சாறு வருஷம் கழிச்சு ஊருக்குத் திரும்பினாலும் திரும்புவோம். புரோக்கரும் லோன் ஏற்பாடு பண்றவரும் நல்லா இங்கிலீஷ் பேசுறாங்க, ஆனா நடுநிலையா யார்கிட்ட கேக்குறதுன்னு தெரியல."

தம்பி, முதல்ல அந்த 2,000 யூரோவை கட்டாதீங்க. புரோக்கர் (இங்க மாக்லர்னு சொல்லுவாங்க) தன்னோட ரெடிமேட் ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி ரிசர்வேஷன் ஃபீஸ் எடுக்குறது செல்லாதுன்னு ஜெர்மனியோட உச்ச சிவில் கோர்ட்டு 2023 ஏப்ரல்லயே சொல்லிடுச்சு. இதை எடுத்துச் சொன்னா பெரும்பாலும் சத்தமில்லாம விட்டுடுவாங்க. விடலைன்னா அந்த ஆளைப் பத்தி உங்களுக்கே ஒண்ணு புரிஞ்சிடும்.

இங்கிலீஷ் பேசுறவங்க விஷயத்துக்கு வரேன். மாக்லருக்கு நீங்க வாங்கினாத்தான் காசு. லோன் ஏற்பாடு பண்றவருக்கு பேங்க் கமிஷன் கொடுக்குது, அதுவும் நீங்க கையெழுத்து போட்டாத்தான். அவங்க கெட்டவங்கன்னு நான் சொல்லலை, நல்லா உதவி பண்றவங்களும் இருக்காங்க, ஆனா "வாங்காதே"ன்னு சொல்றதுக்கு அவங்களுக்கு ஒரு காரணமும் கிடையாது. நமக்கு மொழி தெரியாததால நம்ம மொழிக்கு இறங்கி வந்து பேசுறவங்களை நம்ம ஆளுன்னு நினைச்சுக்கறோம். நானும் இங்க வந்த புதுசுல அப்படித்தான் நினைச்சேன்.

விலை நியாயமான்னு பாக்குறதுக்கு இங்க ஒரு அருமையான ஏற்பாடு இருக்கு, நம்ம ஆளுங்க பாதிப் பேருக்குத் தெரியாது. ஜெர்மனில ஒவ்வொரு வீடு விக்கும்போதும் நோட்டார் (பத்திரத்தை எழுதி உறுதிப்படுத்துற சட்ட அதிகாரி) அந்தப் பத்திரத்தோட காப்பிய கூட்டாஹ்டர்அவுஸ்ஷுஸ்னு ஒரு மதிப்பீட்டுக் குழுவுக்கு அனுப்பியே ஆகணும், அது சட்டம். அதனால நெட்ல இருக்குற விளம்பரங்கள்ல விக்கிறவங்க கேக்குற விலைதான் தெரியும், இந்தக் குழுகிட்ட நிஜமா கைமாறின விலை இருக்கு. உங்க மாநிலம் நார்ட்ரைன்-வெஸ்ட்ஃபாலன்ல இதை போரிஸ்னு ஒரு வெப்சைட்ல இலவசமா பாக்கலாம். அட்ரஸ் போட்டீங்கன்னா அந்த ஏரியாவுல ஒரு சாதாரண ஃபிளாட்டுக்கு சதுர மீட்டர் என்ன விலைன்னு வரும், அதுல கட்டின வருஷம், அளவு எல்லாம் பாத்து கூட்டிக் கழிச்சுக்கணும். உங்களுக்குச் சொன்ன விலை சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 5,350 யூரோ வருது. அதைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஆள் குடியிருக்கிற ஃபிளாட் காலி ஃபிளாட்டை விட குறைவா போகணும், அதையும் மறக்காதீங்க. "இங்க விலை ஏறத்தான் செய்யும், இறங்காது"ன்னு யாராவது சொன்னா, வட்டி 1 சதவீதத்துலேர்ந்து 4 சதவீதம் பக்கம் போனப்ப 2023ல நாடு முழுக்க வீட்டு விலை சராசரியா 8 சதவீதத்துக்கு மேல இறங்கினதை ஞாபகப்படுத்துங்க.

இப்ப நான் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறது, பேப்பர். ஃபிளாட் வாங்குறீங்கன்னா அந்த பில்டிங்ல ஒரு பங்கு வாங்குறீங்க, சுவருக்குள்ள இருக்குற பைப்புல, கூரையில எல்லாம் உங்களுக்கும் பங்கு. அதனால வீட்டு ஓனருங்க வருஷா வருஷம் போடுற மீட்டிங்கோட மினிட்ஸ், ப்ரோட்டகோல்னு சொல்லுவாங்க, குறைஞ்சது கடைசி மூணு வருஷத்துது கேளுங்க. டார்ட்முண்ட்ல எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம், திருச்சிக்காரங்க, வீடு வாங்கி நாலே மாசத்துல 14,000 யூரோ கட்டுங்கன்னு லெட்டர் வந்துச்சு. அப்புறம்தான் பேப்பரை எடுத்துட்டு எங்கிட்ட வந்தாங்க. ஆறாவது பக்கம், ஒன்பதாவது ஐட்டம், ஒரே வரி: ஸ்ட்ராங்சனீருங், ஃபெர்டாக்ட். அதாவது மேலேர்ந்து கீழ வரைக்கும் போற மெயின் பைப் எல்லாத்தையும் மாத்துற வேலை, ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைச்சது அடுத்த மீட்டிங்ல முடிவாச்சு, பணம் கட்ட வேண்டிய நாள்ல யார் ஓனரோ அவங்க தலையிலதான் விடியும். அந்த அக்கா அந்த வரியை விரலால தடவிட்டே ரொம்ப நேரம் ஒண்ணுமே பேசலை. பேப்பர் அவங்க கையிலதான் இருந்துச்சு, மாக்லர் ஒழுங்கா கொடுத்திருந்தார், படிக்கத்தான் ஆள் இல்லை.

உங்களுது 1968 பில்டிங், அதனால இதே கேள்வி உங்களுக்கும் இருக்கு. பைப் மாத்தியாச்சா, ஹீட்டிங் எந்த வருஷத்துது, எனர்ஜி சர்டிஃபிகேட்ல எந்த எழுத்து (ஏ ப்ளஸ்லேர்ந்து எச் வரைக்கும் இருக்கும்), எல்லாரும் சேர்ந்து போட்டு வச்சிருக்கிற ரிசர்வ் பணம் எவ்வளவு, பில்டிங் பராமரிப்புக்கு மாசாமாசம் கட்டுற ஹவுஸ்கெல்ட் எவ்வளவு. பழைய வீட்டை பெரும்பாலும் "பாத்தபடி வாங்கினேன்"னு எழுதித்தான் விப்பாங்க, பின்னாடி குறை தெரிஞ்சா, விக்கிறவர் தெரிஞ்சே மறைச்சார்னு நீங்க நிரூபிக்கணும், அது லேசுப்பட்ட வேலை இல்லை. அதனால மணிக்கணக்குக்கு ஃபீஸ் வாங்குற ஒரு தனி இன்ஜினியரை, இங்க ஸாஹ்ஃபெர்ஷ்டேண்டிகர்னு சொல்லுவாங்க, ஒரு தடவை வீட்டையும் பேஸ்மென்ட்டையும் பாக்கக் கூட்டிட்டுப் போங்க. லோன் பேப்பரை ஃபெர்பிராஹர்சென்ட்ராலெங்கிற நுகர்வோர் மையத்துல காட்டலாம், ஃபீஸ் வாங்குவாங்க, ஆனா கமிஷன் கிடையாது.

வாடகைக்கு இருக்கிறவர் விஷயத்துல புரோக்கர் சொன்னதை அப்படியே தள்ளி வைங்க. வீடு கைமாறினாலும் வாடகை ஒப்பந்தம் அப்படியே உங்ககிட்ட வந்துடும். பொதுவா நீங்களே குடி போகப் போறீங்கன்னு காட்டித்தான் நோட்டீஸ் கொடுக்க முடியும், அதுவும் அவர் எத்தனை வருஷமா இருக்கார்ங்கிறதைப் பொறுத்து 3 மாசம், 6 மாசம், 8 வருஷம் தாண்டியிருந்தா 9 மாசம் அவகாசம் கொடுக்கணும். அவர் குடி வந்ததுக்கு அப்புறம் பில்டிங்கை தனித்தனி ஃபிளாட்டா பிரிச்சு வித்திருந்தா, குறைஞ்சது 3 வருஷத்துக்கு அந்த நோட்டீஸே கொடுக்க முடியாது, சில ஊர்ல 10 வருஷம் வரைக்கும் போகும். வயசானவர், உடம்பு முடியாதவர்னா கோர்ட்டு அவர் பக்கம் நிக்கவும் வாய்ப்பிருக்கு. அதனால வாடகை ஒப்பந்தத்தை வாங்கிப் பாருங்க, எந்த வருஷம் குடி வந்தார்னு அதுல இருக்கும்.

நோட்டார் ரெண்டு பக்கத்துக்கும் பொதுவானவர், பத்திரம் சட்டப்படி சரியான்னு பாப்பார், விலை சரியா வீடு நல்லதான்னு சொல்ல மாட்டார், அது அவர் வேலை இல்லை. முழுப் பத்திரத்தையும் சத்தமா படிச்சுக் காட்டுவார். ஏ2 ஜெர்மனுக்கு அது புரியாது தம்பி, மொழி தெரியலைன்னு முன்னாடியே சொல்லிடுங்க. அப்பத்தான் மொழிபெயர்ப்பாளர் வைப்பாங்க, எழுத்துல மொழிபெயர்ப்பும் கேக்கலாம். செலவு உங்களோடது, உங்க மனைவியோ நெருங்கின சொந்தமோ மொழிபெயர்க்க முடியாது. டிராஃப்ட் ரெண்டு வாரம் முன்னாடியே வேணும்னு கேளுங்க. விக்கிறது கம்பெனின்னா அந்த ரெண்டு வாரம் சட்டத்துலயே இருக்கு, தனி ஆளுன்னாலும் கேட்டு வாங்கிக்கங்க. கூடவே க்ருண்ட்பூஹ், நம்ம ஊர் வில்லங்க சர்டிஃபிகேட் மாதிரி வச்சுக்கங்க, அதோட ரெண்டாவது பிரிவுல யாருக்காவது ஆயுசு முழுக்க குடியிருக்கிற உரிமை, வழி உரிமைன்னு ஏதாவது எழுதியிருக்கான்னு பாக்கணும்.

கடைசியா ஊருக்குத் திரும்புற விஷயம், எனக்கு இதுதான் உறுத்துது. உங்க மாநிலத்துல வீடு வாங்குற வரி 6.5 சதவீதம், அதுவே 25,025 யூரோ. நோட்டாரும் பதிவும் சேர்த்து 2 சதவீதம் பக்கம், மாக்லருக்கு 3.57 சதவீதம். மொத்தம் கிட்டத்தட்ட 46,500 யூரோ, இதை பெரும்பாலும் உங்க கைக்காசுலேர்ந்துதான் பேங்க் எதிர்பாக்கும், வீட்டை வித்தாலும் திரும்பி வராது. பத்து வருஷத்துக்கு வட்டி மாறாதுன்னு போட்ட லோன் ஒப்பந்தத்தை நடுவுல உடைச்சா பேங்க்குக்கு நஷ்ட ஈடு கட்டணும். பத்து வருஷத்துக்குள்ள லாபத்துக்கு வித்தா அதுக்கு வரி உண்டு, விக்கிற வருஷமும் அதுக்கு முந்தின ரெண்டு வருஷமும் நீங்களே குடியிருந்தீங்கன்னா மட்டும்தான் இல்லை. இதுல உங்க வீட்டுக்குள்ள வேற ஆள் இருக்கார், அஞ்சு வருஷத்துல நீங்க குடி போவீங்களான்னே தெரியாது. உங்க இடத்துல நான் இருந்தா இந்த ஃபிளாட்டை இந்த விலைக்கு வாங்க மாட்டேன். பத்து வருஷம் இங்கதான்னு நீங்களும் மனைவியும் முடிவு பண்ணிட்டீங்கன்னா, மூணு வருஷ ப்ரோட்டகோலும் வாடகை ஒப்பந்தமும் கேட்டு இன்னிக்கே மாக்லருக்கு மெயில் போடுங்க, வந்ததும் எனக்கு அனுப்புங்க, உக்காந்து வரி வரியா படிக்கலாம்.