மருத்துவக் காரணத்தால் விலக்கப்பட்டவர் மீண்டும் படையில் சேரலாமா?

கேள்வி: திருகோணமலையைச் சேர்ந்தவன், வயது 23. இராணுவப் பயிற்சியில் வலது முழங்கால் லிகமென்ட் அறுந்தது. வைத்திய சபை தகுதியில்லை என்று சொல்ல, 2023இல் விலக்கப்பட்டேன். சிங்களக் கடிதம் ஒன்றில் வாசிக்காமலே கையெழுத்து வைத்தேன். பயிற்சி அதிகாரிக்கு ஆரம்பத்திலிருந்தே என்னைப் பிடிக்காது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு இப்போது நன்றாக ஓடுகிறேன். அங்கவீன நட்டஈட்டு விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. பழைய சேவையைச் சொல்லாமல் கடற்படைக்கு விண்ணப்பிக்கும்படி தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். வழக்குப் போட்டால் மீண்டும் சேர முடியுமா?

பதில்: அதிகாரிக்கு உங்களைப் பிடிக்காததை விடுங்கள். இத்தனை காலத்துக்குப் பிறகு அதை எந்த நீதிமன்றமும் கேட்காது. அடிப்படை உரிமை மீறல் மனுவுக்கு அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை தருவது ஒரு மாதம்தான். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்து, அங்கே விசாரணை நிலுவையில் இருந்தால் மட்டுமே கணக்கு மாறும். விலக்கிய முடிவை ரத்துச் செய்யும்படி கேட்கும் எழுத்தாணை (ரிட்) மனுவுக்கு நாள் கணக்கு இல்லை. ஆனால் தாமதத்துக்குத் தக்க விளக்கம் இல்லாவிட்டால் தள்ளிவிடுவார்கள். அதையும் திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் போட முடியாது. பாதுகாப்பு மத்திய அரசின் விடயம், ஆகவே கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். அங்கும் நீதியரசர்கள் உங்கள் முழங்காலைப் பரிசோதிப்பதில்லை. வைத்திய சபை முறைப்படி கூடியதா என்றுதான் பார்ப்பார்கள்.

பார்க்கவேண்டியது ஒன்றுதான்: விலக்கல் சான்றிதழில் காரணம் என்னவென்று எழுதியிருக்கிறது? நீங்கள் கையெழுத்து வைத்த கடிதம் எந்த மொழியில் இருந்தது என்பதை விட, அது 'சொந்த விருப்பில் விலகல்' கடிதமா என்பதே முக்கியம். அப்படியென்றால் மீள்சேர்ப்பை விடுங்கள், நட்டஈடே ஆட்டம் காணும். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் அதைத் தமிழில் எடுங்கள். வைத்திய சபை அறிக்கையையும், காயம் கடமையின்போது ஏற்பட்டது என்று பதிவான விசாரணை அறிக்கையையும் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். இன்னொருவரின் மருத்துவப் பதிவு என்று மறுக்க இடம் வைக்காமல், உங்கள் எழுத்துமூலச் சம்மதத்தையும் அடையாள அட்டைப் பிரதியையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தருவதா இல்லையா என்று தீர்மானிக்க அவர்களுக்கு 14 வேலை நாட்கள் உண்டு.

இனி, ஆட்கள் வழக்கமாக விழும் குழி. ஒரு பக்கம் 'பூரண சுகம், எந்தப் பயிற்சியும் செய்யலாம்' என்று விசேட வைத்திய நிபுணரிடம் கடிதம் வாங்கி மீள்சேர்ப்புக்குக் கொடுக்கிறார்கள். மறுபக்கம் 'நிரந்தர அங்கவீனம்' என்று நட்டஈடு கேட்கிறார்கள். இரண்டும் கடைசியில் ஒரே கோப்பில் வந்து சேரும். மீள்சேர்ப்பு கிடைக்காது, படையில் சேர யாருக்கும் சட்ட உரிமை கிடையாது, மறுபடி வைத்திய சபை கூட்டவேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்தக் கடிதம் நட்டஈட்டை மறுக்க நல்ல ஆதாரமாகிவிடும். தன் கையாலேயே தன் வழக்கைக் கெடுப்பது இப்படித்தான். நட்டஈடு முடியும்வரை 'நான் சுகம்' என்று எந்தக் கடதாசியிலும் எழுதாதீர்கள். அதற்காக வைத்தியரிடம் பொய் சொல்லச் சொல்லவில்லை. பரிசோதனையில் உள்ளது உள்ளபடி வரட்டும். இப்போது உண்மையிலேயே அங்கவீனம் இல்லையென்றால், அந்த விண்ணப்பத்தில் என்ன மிஞ்சும் என்பதை உங்கள் சட்டத்தரணியுடன் நேராகக் கதையுங்கள்.

தெரிந்தவரின் யோசனை அதைவிட மோசம். முன்சேவை உண்டா என்று சேர்ப்புப் படிவம் கேட்கும். பொய் எழுதிச் சேர்ந்தால் அதுவே குற்றம். அடையாள அட்டை இலக்கமும் விரல் அடையாளமும் இருக்க, எத்தனை நாளைக்கு மறைப்பீர்கள்? பிடிபட்டால் இரண்டாவது விலக்கல் மருத்துவக் காரணத்தால் வராது, ஒழுக்கக் காரணத்தால் வரும். பிறகு பொலிஸ், அரச வேலை, வெளிநாட்டுப் பாதுகாப்பு வேலை என்று எங்கே போனாலும் அந்தப் பதிவு முன்னால் போய் நிற்கும். அவர் காசு கேட்டிருந்தால் கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால் அது திரும்பாது.

பச்சையாகச் சொன்னால், சீருடையை மறந்துவிட்டு நட்டஈட்டை முடியுங்கள். கேட்டதைவிடக் குறைந்த தொகைக்கு அவர்கள் இணங்கினாலும், காயம் கடமையில் வந்தது என்று எழுத்தில் ஏற்றால் அதை எடுங்கள். ஆசை விடவில்லையென்றால், தொகை கைக்கு வந்தபிறகு, முன்சேவையையும் விலக்கல் காரணத்தையும் மறைக்காமல் எழுதி ஒரேயொரு மனு அனுப்பிப் பாருங்கள். அதற்குமுன் ஆட்சேர்ப்பு விளம்பரத்தில் வயது எல்லையைப் பாருங்கள்.