மார்பை முழுதாக எடுத்தால்தான் உயிர் தங்குமா?

மார்பகப் புற்றுநோய்க்குக் கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்று மருத்துவர் சொன்னதை நம்ப முடியாமல் இப்படிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இல்லை, முழுதாக எடுக்க வேண்டியதில்லை. உங்களுக்கு இருப்பது போன்ற 2 சென்டிமீட்டர் கட்டியை, சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல திசுவோடு எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தால் போதும். முழு மார்பையும் அகற்றியவர்களுக்கு இணையாக நீங்களும் வாழலாம். உங்கள் மருத்துவர் உங்களைச் சமாதானப்படுத்த அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் 1970களில் தொடங்கிய இரண்டு பெரிய ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. உயிர் பிழைப்பதில் இரண்டு முறைகளுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் ‘ரேடியேஷன் மட்டும் வேண்டாம்’ என்கிறீர்களே, அதை ஏற்க மாட்டேன். அதே அமெரிக்க ஆய்வில், கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு கதிர்வீச்சைத் தவிர்த்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு அந்த மார்பிலேயே நோய் திரும்பியது. கதிர்வீச்சு எடுத்தவர்களில் அது 14 சதவீதம்தான். 44 வயதில் இதில் பேரம் பேசக் கூடாது. கதிர்வீச்சு கொடுக்கவே முடியாத நிலை என்றால், அல்லது மார்பில் வெவ்வேறு பகுதிகளில் கட்டிகள் இருந்தால், பெரும்பாலும் முழுதாக எடுப்பதே சரி. அப்புறம் மார்பை மறுசீரமைக்கவும் வழி உண்டு.

பரிசோதனைக்காகக் கட்டியிலிருந்து திசு எடுத்த பயாப்ஸி ஊசியால் நோய் பரவிவிட்டதோ என்ற கவலையை விடுங்கள். மாதவிலக்குக்கு முன் அடுத்த மார்பில் வரும் வலியும் பெரும்பாலும் ஹார்மோன் சமாச்சாரம். மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரேயில் அந்தப் பக்கத்தையும் பார்த்தாயிற்று. அக்குளில் எல்லா நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, கை வீங்கிவிடுமோ என்று பயப்படுகிறீர்கள். அங்கே நெறி தட்டுப்படாதவர்களுக்கு, முதலில் ஓரிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பரிசோதிப்பதே இன்றைய வழக்கம்.

என்னை உறுத்துவது வேறு. வீடியோவில் பார்த்த மூலிகைப் பற்றை இரண்டு வாரமாகப் போட்டதாகவும், தோல் சிவந்து தடித்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னார்கள் அதைப் போடச் சொல்லி? எந்தப் பற்றும் புற்றுக்கட்டியைக் கரைக்காது. இப்போது அந்தச் சிவப்பு பற்றால் வந்த புண்ணா, நோயின் அடையாளமா என்று நேரில் பார்க்காமல் சொல்ல முடியாது. மார்பு சிவந்து, சூடாகி, ஆரஞ்சுத் தோல் போலக் குழிகுழியாக மாறினால், அது அழற்சி வகைப் புற்றுநோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை வரிசையே வேறு: முதலில் கீமோ, பிறகு முழு மார்பு அகற்றல், அதன் பின் கதிர்வீச்சு. கட்டியை மட்டும் எடுப்பது அங்கே பொருந்தாது.

பற்றை இன்றே நிறுத்துங்கள். அறுவை சிகிச்சை தேதி வரை காத்திருக்காமல் நாளையே உங்கள் அறுவை மருத்துவரிடம் தோலைக் காட்டுங்கள். பற்று போட்டதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.