டர்பனில் 11-ஆம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு முதல் பகுதி நேர வேலை கிடைக்க எப்படி உதவுவது?

முதலில் ஒன்று: கடைக்குள் நீங்கள் போகாதீர்கள்.

என் மகளுக்கு 16 வயதில் வேலை தேடியபோது முதல் இரண்டு கடைகளில் நான்தான் பேசினேன். இரண்டு இடத்திலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். மூன்றாவது, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒரு புடவைக் கடை. அவளை மட்டும் அனுப்பிவிட்டு நான் காரில் இருந்தேன். கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது. ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பில் போட நின்ற வாடிக்கையாளர் போகும்வரை ஓரமாக நின்றாள். பிறகு பேசினாள். கடைக்கார அம்மா ஒரு புடவையை உதறிப் போட்டு மடிக்கச் சொன்னார். பாட்டியோடு உட்கார்ந்து மடித்த பழக்கம் கைகொடுத்தது. அந்தச் சனிக்கிழமையே வரச் சொல்லிவிட்டார்கள்.

வேலை அனுபவம் இல்லையே, சிவியில் (தன்விவரத் தாளில்) என்ன எழுதுவது என்று கவலைப்படாதீர்கள். காவடி நாளில் கோயிலில் சாப்பாடு பரிமாறியது, தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது, எல்லாம் அனுபவம்தான். ஒரே பக்கம் போதும். பரிந்துரைக்கு ஓர் ஆசிரியர், கோயில் கமிட்டியில் ஒருவர். அவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டு எண்ணைப் போடுங்கள். அடையாள அட்டைக்கு 16 வயதிலேயே விண்ணப்பிக்கலாம். அதன் நகலுக்குப் போலீஸ் நிலையத்தில் காசு வாங்காமல் சான்று முத்திரை போட்டுத் தருவார்கள். நீங்கள் விசாவில் வந்த குடும்பம் என்றால், அந்த விசா அவனுக்கு வேலை செய்ய அனுமதி தருகிறதா என்று முதலில் பாருங்கள். பெற்றோரைச் சார்ந்து தரும் விசாவில் பொதுவாக அனுமதி இருக்காது.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இனிப்புக் கடைக்கும் புடவைக் கடைக்கும் ஆள் தேவைப்படும். டிசம்பர் விடுமுறை வேலைக்கு அக்டோபரிலேயே கேட்டு வைக்க வேண்டும். கூட்டமில்லாத வார நாள் காலையில் போகச் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் போனால் யாருக்கும் முகம் பார்க்க நேரமிருக்காது.

பெற்றோர் பார்க்க வேண்டியது சட்டமும் காசும்தான். இங்கே தென்னாப்பிரிக்காவில் 15 வயதுக்குக் கீழே வேலைக்கு வைப்பது குற்றம். 18 வரை ஆபத்தான வேலை கொடுக்கக்கூடாது. குறைந்தபட்சக் கூலி 2019-ல் மணிக்கு 20 ராண்டில் தொடங்கியது. 2025 மார்ச்சில் 28.79 ராண்ட் ஆனது. சேரும் நாளில் நடப்புக் கூலியைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் மட்டும் வரச் சொல்லித் திருப்பி அனுப்பினாலும் பொதுவாக நாலு மணி நேரக் கூலி தர வேண்டும். என் அக்கா மகனை ஒரு கடையில் "பயிற்சி" என்று மூன்று நாள் மூட்டை தூக்கவிட்டு, பைசா தராமல் அனுப்பினார்கள். அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை; எங்களுக்கும் பிறகுதான் தெரிந்தது. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. வேலை வாங்கித் தர முன்பணம் கேட்பவர்களிடம் பேச்சே வேண்டாம், அதைச் சட்டமே தடுக்கிறது.

கூலிக்குச் சமமாக இன்னொன்றையும் யோசியுங்கள்: கடை மூடியதும் எப்படி வீடு திரும்புவான்? இருட்டிய பிறகு டாக்ஸி (பலரும் சேர்ந்து போகும் வேன்) ஸ்டாண்டில் தனியாக நிற்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் மகள் ஆறு மணிக்கு மேல் வேலை செய்யவில்லை. போக வர ஆகும் டாக்ஸிக் காசையும் கழித்துப் பாருங்கள். நாலு மணி நேர வேலைக்கு அது பெரிய தொகை. எத்தனை மணி வரை வேலை, கூலி என்ன, எந்த நாளில் தருவார்கள் என்பதைச் சேருமுன் கேட்க வேண்டும். வீட்டில் நீங்கள் கடைக்காரராக உட்கார்ந்து நாலு முறை பழக்கிவிடுங்கள். அங்கே போய் அவனே கேட்கட்டும்.