ஆயுதங்களில் செயற்கை நுண்ணறிவு: கடைசியில் மனிதர்தானே சுடுகிறார், அப்புறம் என்ன ஆபத்து?

நியாயமான கேள்விதான். ஆனால் 2003 மார்ச்சில், ஈராக் போரின்போது நடந்ததைப் பாருங்கள். குவைத்திலுள்ள தளத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் டொர்னாடோ விமானத்தை அமெரிக்காவின் பேட்ரியாட் என்ற வான்பாதுகாப்பு ஏவுகணை அமைப்பு வீழ்த்தியது. விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள்.

விமானம் இறங்கிய விதத்தை வைத்து, ரேடாரைத் தாக்க வரும் ஏவுகணை என்று பேட்ரியாட்டின் கணினி முடிவு கட்டிவிட்டது. நம்முடைய விமானம் என்று அடையாளம் காட்டும் சிக்னலும் வரவில்லை. வீரர்களுக்கு யோசிக்கக் கிடைத்தது சுமார் ஒரு நிமிடம். திரையை நம்பிச் சுட்டார்கள். சில நாளில் அமெரிக்காவின் சொந்த விமானம் ஒன்றும் இன்னொரு பேட்ரியாட்டுக்கு இரையானது.

இத்தனைக்கும் பேட்ரியாட் இன்றைய அர்த்தத்தில் ஏஐ கூட இல்லை, எழுதிவைத்த விதிகளில் ஓடும் மென்பொருள். எந்த விதி தப்பு என்று பிறகு தேடிப் பிடிக்கலாம். தரவிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் அமைப்பு ஏன் அப்படிச் சொன்னது என்பதை அதை உருவாக்கியவர்களாலேயே பல சமயம் விளக்க முடிவதில்லை.