ஆங்கிலம் சரளமாக வராத நான், சேலத்துக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களுக்கான பண்பாட்டுப் பரிமாற்ற நிகழ்ச்சியில் தன்னார்வலராகச் சேரலாமா?

தாராளமாகச் சேரலாம். தமிழ்வழியில் படித்துவிட்டு, பெயர் கொடுக்கத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். வருகிறவர்களில் பலருக்கும் ஆங்கிலம் இரண்டாவது, மூன்றாவது மொழிதான். சின்னச் சின்ன வாக்கியமாக நிறுத்திப் பேசுங்கள், போதும். கடகடவென்று பேசுகிறவரைவிட நீங்கள் சொல்வதுதான் அவர்களுக்குப் புரியும்.

பேச்சைவிடக் கண்முன் வைக்கும் பொருள் வேலை செய்யும். சேலத்தில் அதற்கு மரவள்ளியை மிஞ்ச எதுவும் இல்லை. ஒரு மேசையில் மண் போகக் கழுவிய கிழங்கு, கிழங்கு மாவு, ஜவ்வரிசி, பொரித்த ஜவ்வரிசி வடாம், நான்கையும் வரிசையாக வையுங்கள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உலகிலேயே அதிகமாக மரவள்ளி விளைவது நைஜீரியாவில். பிரேசில், கானா, காங்கோ மாணவர்களுக்கும் அது வீட்டுச் சாப்பாடு. கிழங்கைப் பார்த்ததும் தங்கள் ஊரில் எப்படி இடிப்பார்கள், எப்படிப் புளிக்க வைப்பார்கள் என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள். பரிமாற்றம் என்பது அந்த இடத்தில்தான் நடக்கிறது. ஒரு எச்சரிக்கை: பச்சைக் கிழங்கை யாரும் கடிக்க விடாதீர்கள், அதில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. சாப்பிடக் கொடுப்பதாக இருந்தால் தோலை நன்றாகச் சீவி, நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்.

கோலம் சொல்லிக் கொடுப்பதென்றால் 5 புள்ளியில் தொடங்கி 3இல் முடியும் ஊடுபுள்ளிக் கோலம் போதும். 20 பேருக்கு மூன்று கிலோ கோலப்பொடி தாராளம். தரையில் தண்ணீர் தெளித்துக் கூட்டி, பளபளப்பு போகும்வரை காத்திருங்கள். ஈரம் அதிகமானால் பொடி கரைந்து கோடு பரவும், காய்ந்து கிடந்தால் காற்றில் பறக்கும். புதிதாகப் போடுகிறவர்கள் ஐந்து விரலாலும் அள்ளுவார்கள், பொடி மொத்தையாக விழும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொஞ்சமாக எடுத்து, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் கையை வைத்து, முதலில் ஒரு நேர்கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு சரியாக வந்த பிறகு புள்ளி.

சாப்பாட்டில்தான் கவனம் அதிகம் வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். தட்டுவடை செட் (இரண்டு தட்டைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும்) கட்டாயம் கொடுக்கலாம்; ஆனால் தட்டை எந்த எண்ணெயில் பொரித்தது, மாவில் வேர்க்கடலை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பூண்டு மிளகாய்ச் சட்னியைத் தனியாக வாங்கி வையுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, எள், கோதுமை உண்டா இல்லையா என்று அட்டை. பொங்கலில் நெய், இட்லிப் பொடியில் எள், பாயசத்தில் முந்திரி, இதெல்லாம் நமக்கு ஞாபகமே வராது. இறைச்சி போட்டால் ஹலாலா என்றும் எழுதுங்கள்.

பரதம், பறை வேண்டாம் என்கிறாயா என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஆடட்டும், அடிக்கட்டும், அரை மணி நேரம். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் பொன்னாடையும் வரவேற்புரையும் நடப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வந்த பிள்ளைகள் முன்வரிசையில் மாலையோடு படத்துக்கு உட்கார்ந்திருப்பார்கள். திடீரென்று மைக்கை நீட்டி "உங்க நாட்டுப் பாட்டு ஒண்ணு பாடுங்க" என்பார்கள். ஒரு வாரம் முன்பே சொல்லி, விருப்பப்பட்டவருக்குப் பத்து நிமிடம் கொடுங்கள், அழகாகத் தயாராகி வருவார்கள். இங்கிலீஷ் பேசும் பிள்ளைக்கு மைக், தமிழ்வழிப் பிள்ளைக்கு நாற்காலியும் தண்ணீர் கேனும் என்று பிரிப்பதும் பல இடங்களில் நடக்கிறது. விட்டுக்கொடுக்காதீர்கள், மேசை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

ஏற்காடு கூட்டிப் போவதாக இருந்தால் சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வேண்டாம். அடிவாரம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவு. வாந்தி வரும் என்பவர்களை முன் இருக்கையில் உட்கார வைத்து, காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். வாந்திக்கு ஒரு பை கையோடு இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்தால் பாதை அடைபடும், கிளம்பும் முன் குப்பனூர் வழியாகப் போகும் மாற்றுப் பாதையையும் விசாரித்து வையுங்கள். காபித் தோட்டம் பார்க்க டிசம்பர், ஜனவரி நல்ல காலம், பழம் சிவந்திருக்கும். மழைக்காலத்தில் போனால் காலில் அட்டைப்பூச்சி ஏறும், உப்பு எடுத்துப் போங்கள். சேர்வராயன் கோயிலில் குனிந்துதான் குகைக்குள் போக வேண்டும். இருட்டு, நெரிசல் ஆகாதவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மலையில் பெண்களுக்குக் கழிவறை பெரிய பாடு. இத்தனை வண்டி ஏறுகிறது, பார்க்கிங்குக்குக் காசு வாங்கத் தெரிகிறது, தண்ணீர் வரும் கழிவறை நாலு கட்டத் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு ஹோட்டலைப் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். இரவு தங்கினால், வெளிநாட்டவர் தங்கிய விவரத்தை 24 மணி நேரத்துக்குள் விடுதிக்காரர் இணையத்தில் பதிய வேண்டும், இது சட்டம். எல்லாருடைய பாஸ்போர்ட், விசா நகலையும் ஒரே கோப்பில் வைத்து, ஏறும் முன்பே விடுதிக்கு அனுப்பிவிடுங்கள்.