யுனெஸ்கோவில் எத்தனை நாடுகள்? 193, 194, 195 மூன்றும் சரிதான்

கேள்வி: போட்டித் தேர்வுக்குப் படித்துவருகிறேன். யுனெஸ்கோவின் உறுப்பு நாடுகள் ஒரு நூலில் 195, இன்னொன்றில் 193, பயிற்சி வகுப்புக் குறிப்பில் 194. எதை மனப்பாடம் செய்வது? அமெரிக்கா உள்ளே இருக்கிறதா, இல்லையா? அது விலகினால் அங்குள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலிருந்து நீங்கிவிடுமா?

பதில்: மூன்று எண்களும் சரி, அவை அச்சான ஆண்டுதான் வேறு. 2011 நவம்பரில் பாலஸ்தீனம் 195ஆவது நாடாகச் சேர்ந்தது. 2018 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவும் இஸ்ரேலும் விலகியதால் 193 ஆனது. 2023 ஜூலையில் அமெரிக்கா திரும்பிவந்ததால் 194.

ஐ.நா. சபையிலும் 193 நாடுகள் என்பதால் பலர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். அது தற்செயல்தான். லீக்டன்ஸ்டைன் ஐ.நா.வில் உண்டு, யுனெஸ்கோவில் இல்லை. குக் தீவுகளும் நியுவேயும் யுனெஸ்கோவில் உண்டு, ஐ.நா.வில் இல்லை. மக்காவ், அரூபா போன்ற இணை உறுப்பினர்கள் தனிக் கணக்கு. அவற்றை இதில் கூட்டாதீர்கள்.

அமெரிக்கா விஷயத்தில் குழப்பம் வருவது செய்தித் தலைப்புகளால். ‘விலகியது’ என்று தலைப்பு வரும் நாளில் எந்த நாடும் விலகுவதில்லை. யுனெஸ்கோ சாசனப்படி, அறிவிப்புக் கொடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் டிசம்பர் 31 அன்றுதான் விலகல் நடைமுறைக்கு வரும். தொடக்கத்தில் சாசனத்தில் விலகுவதற்கென்று விதியே கிடையாது. 1950களின் தொடக்கத்தில் போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாகியா மூன்றும் முறைத்துக்கொண்டு ஒதுங்கிய பிறகு, 1954இல்தான் அதைச் சேர்த்தார்கள். அமெரிக்கா 2025 ஜூலையில் மீண்டும் அறிவிப்புக் கொடுத்தது. ஆகவே 2026 டிசம்பர் 31 வரை அது உறுப்பு நாடு. நிகரகுவாவும் அதே ஆண்டில் அறிவித்தது. இருவரும் மனம் மாறாமல், புதிதாக எவரும் சேராமல் இருந்தால், அதன்பின் உங்கள் விடை 192.

உறுப்பினராக இருந்தும் ஓட்டுப் போட முடியாத நிலையும் உண்டு. பாலஸ்தீனத்தைச் சேர்த்ததும் அமெரிக்கா சந்தாவை நிறுத்தியது. மொத்த வரவுசெலவில் 22 சதவீதம் அதன் பங்கு. நிலுவை ஏறியதால் 2013இல் வாக்குரிமை போயிற்று. விலகும் வரை ஐந்து ஆண்டுகள் ஓட்டில்லாத உறுப்பினராகவே அது உட்கார்ந்திருந்தது.

போவதும் வருவதும் அமெரிக்காவுக்கு மட்டும் உரிய பழக்கமல்ல. தென்னாப்பிரிக்கா 1956 முடிவில் விலகி, இனவொதுக்கல் ஆட்சி ஒழிந்த 1994இல் திரும்பியது. பிரிட்டனும் சிங்கப்பூரும் 1985 முடிவில் வெளியேறின. பிரிட்டன் 1997இலும் சிங்கப்பூர் 2007இலும் மீண்டும் சேர்ந்தன. 1984 முடிவில் முதன்முறை விலகிய அமெரிக்கா 2003இல்தான் வந்தது. காரணங்கள் பெரும்பாலும் அரசியலும் பணமும்தான்; பண்பாட்டுக்காக யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

சின்னங்களுக்கு எதுவும் ஆகாது. உலகப் பாரம்பரியப் பட்டியல் 1972ஆம் ஆண்டின் தனி ஒப்பந்தத்தின் கீழ் வருவது. யுனெஸ்கோவிலிருந்து விலகிய நாடும் அதில் நீடிக்கலாம். அமெரிக்கா வெளியே இருந்த 1987இல்தான் ஹவாய் எரிமலைப் பூங்கா பட்டியலில் ஏறியது. இரண்டாம் முறை வெளியே இருந்த 2019இல் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த எட்டுக் கட்டடங்களும் ஏறின.