பேராசிரியர்கள் பறக்கத்தான் வேண்டுமா? சுங்கை சிப்புட்டிலிருந்து சில கேள்விகள்

பருவநிலை கெடுகிறது என்பதால் பல்கலைக்கழகத்தார் மாநாட்டுக்கு மாநாடு விமானமேறுவதைக் குறைக்க வேண்டும் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். அதைப் பற்றி மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

படிவம் ஆறு மாணவர்: அண்ணே, உலகக் கரியமில வாயுவில் விமானத்தின் பங்கு 2.5 விழுக்காடுதானே? அதற்கா இவ்வளவு பேச்சு?

கணக்கு சரிதான் தம்பி. ஆனால் அந்தப் புகையை விட்டது யார் என்று பாருங்கள். 2018இல் உலக மக்களில் 11 விழுக்காட்டினர்தான் விமானத்தில் போனார்கள். பயணிகள் விமானப் புகையில் பாதிக்கு, அடிக்கடி பறக்கும் 1 விழுக்காட்டினரே காரணம். கோலாலம்பூரிலிருந்து லண்டன் போய்வர, சாதா இருக்கையிலேயே ஒருவர் பங்குக்கு ஒன்றரை முதல் இரண்டு டன் கரியமில வாயு ஆகிவிடும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: சார், எங்கள் தோட்டத்திலிருந்து முனைவர் பட்டம் வரை போன முதல் பெண் என் மகள். அவள் கட்டுரையை எடின்பரோ மாநாட்டில் ஏற்றிருக்கிறார்கள். போக வேண்டாம் என்பீர்களா?

தாராளமாகப் போகட்டும் டீச்சர். நான் கை வைக்கச் சொல்வது அவள் டிக்கெட்டில் இல்லை, அவள் துறைத்தலைவர் டிக்கெட்டில். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2019இல் வெளிவந்த ஆய்வொன்று, அதிகம் பறப்பவர்களின் ஆராய்ச்சி மற்றவர்களுடையதைவிடச் சிறந்ததாக இல்லை என்று கண்டது. சம்பளத்தோடு மட்டும் தொடர்பு இருந்ததாம்! பருவநிலை பற்றி ஆராய்கிறவர்களும் மற்றவர்களுக்குக் குறையாமல்தான் பறந்திருக்கிறார்கள்.

இருபது நிமிட உரைக்காகப் பேராசிரியர் பிசினஸ் கிளாசில் போவதை நிறுத்தினாலே, இரண்டு மூன்று மாணவர்கள் போய்வரும் அளவுக்குப் புகை மிச்சம். மகள் போனால் மூன்று நாளில் திரும்ப வேண்டாம். அங்குள்ள நூலகம், ஆய்வகம், ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வரட்டும்.

ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்): தம்பி, எல்லாம் சூமில் முடியாதா?

பாதி முடியும் ஐயா. லண்டனில் கோடைக்காலத்தில் பிற்பகல் மூன்று மணி என்றால் நமக்கு இரவு பத்து. அதனால் உரைகளை முன்கூட்டியே பதிவுசெய்து போட்டுவிட்டு, கேள்விகளை எழுத்தில் வாங்குவது மேல். சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2016இலேயே அப்படி ஒரு மாநாடு நடத்திக் காட்டியது. தேநீர் இடைவேளையில் கிடைக்கும் அறிமுகம் மட்டும் திரையில் கிடைக்காது. அதை ஒப்புக்கொள்கிறேன்.

செம்பனை ஆலை ஊழியர்: நம் எண்ணெயிலேயே விமானம் ஓட்டலாமே?

ஓட்டலாம், தொழில்நுட்பம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் தன் விமான நிலையங்களில் வழங்கும் எரிபொருளில் 2 விழுக்காடு மாற்று எரிபொருள் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் காடழிப்பைக் காரணம் காட்டிச் செம்பனை எண்ணெயை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் ஆலைக் குட்டையில் நாறிக்கிடக்கும் கழிவுநீரிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்கோ இடமுண்டு! ஆனால் குட்டையை வழித்தால் எவ்வளவு தேறும்? அதை நம்பி இப்போதைய வேகத்தில் பறக்க முடியாது.

பெயர் சொல்லாதவர்: ஊருக்குத்தானே உபதேசம்? பறப்பதை உண்மையிலேயே விட்டவர் உண்டா?

உண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பருவநிலைப் பேராசிரியர் கெவின் ஆண்டர்சன் 2004க்குப் பிறகு விமானமேறவில்லை. பப்புவா நியூ கினியில் களப்பணி முடித்த பருவநிலை ஆய்வாளர் ஜியான்லூக்கா கிரிமால்டா, ஜெர்மனிக்குப் பறந்து திரும்ப மறுத்ததால் 2023இல் வேலையையே இழந்தார். நம் பிள்ளைகளிடம் அந்த அளவுக்கு நான் கேட்கமாட்டேன்.

முதுகலை மாணவி: தாய்லாந்தின் ஹாட்யாயில் கருத்தரங்கு அண்ணா. ரயிலில் போகலாமா?

இதற்குப் போய் விமானமா! நம் ஊர் நிலையத்திலேயே இடிஎஸ் மின்ரயில் ஏறி, எல்லையிலுள்ள பாடாங் பெசார் போங்கள். இரு நாட்டுக் குடிநுழைவும் அதே நிலையத்தில்தான். அங்கிருந்து ஹாட்யாய்க்கு ரயில் உண்டு. தாய்லாந்து நேரம் நமக்கு ஒரு மணி பின்னால், அட்டவணையைப் பார்க்கும்போது கவனம்.